முப்பது அங்குலம்

கெடிலத்தின் நடுவில்
ஆறு மாதம் நின்றது எங்கள் கடை.
வரைபடத்தில் சொல்கிறேன்.
யாரோ குத்திவிட்டுப் போன சிவப்புப் புள்ளி.
வகை: ஐஸ் விற்பனை.
விடியற்காலை ஐந்துக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து
"நாலு பார் அனுப்பு, கானாங்கெளுத்தி வந்து நிக்குது" என்பார்கள்.
இது வேற ஐஸ் பெட்டிங்க என்று
எவ்வளவு பதமாகச் சொன்னாலும்
எதிர்முனை ஒரு கணம் வாயடைத்து,
"சே, காலங்காத்தால" என்று வைத்துவிடும்.

தையல்நாயகிதான் உட்கார்ந்தாள்,
மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி.
புள்ளியை ஆற்றிலிருந்து தூக்கிப்
புதுப்பாளையத்தில், டயர் கடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
வேலை நேரம்: இருபத்து நாலு மணி.
விடுமுறை நாட்கள் என்ற கட்டத்தின் மேல்
கொஞ்ச நேரம் விரல் நின்றது.
"தீபாவளிக்கும் ஒருத்தர் போவாரு"
என்று காலியாக விட்டாள்.

படம் சேர்க்கச் சொன்னது.
மகிழ்ச்சியான வாடிக்கையாளர்களோடு
ஒன்று இருந்தால் இன்னும் நல்லதாம்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
சிரிப்பு முதலில் அவளுக்குத்தான் வந்தது.

பெட்டியை வெயிலுக்கு இழுத்துப் போட்டோம்.
முதல் படத்தில், கண்ணாடி மூடிக்குள்
அவள் முகம் படுத்திருந்தது.
அடுத்ததில் என் கையும் டயர் கடைப் பலகையும்.
"சாய்ச்சுப் புடிங்க, வானம் மட்டும் விழட்டும்."
சாய்த்துப் பிடித்தேன்.
ஆடி மாதத்து மேகம் ஒன்று
உள்ளே நீளமாகக் கிடந்தது.
நன்றாக இருந்தது. அழித்துவிட்டாள்.
"அழகா இருந்து என்ன பண்ண?
பொட்டியா இருக்கணும்."

அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் அப்படித்தான்.
மூடியின் குறுக்கே விரித்த டேப்,
எண் தெரியும்படி கிட்டத்தில்: அகலம் முப்பது அங்குலம்.
கரண்ட் போனால் எட்டு மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டர்.
முதுநகர்ச் சந்தில் உரசாமல் திரும்பும் எங்கள் குட்டி வண்டி.
நீல அடிவிரிப்பு, துவைத்துக் கொடியில் காய்வது.
அதை ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை.

வாரம் ஒரு பதிவும் வேண்டுமாம்.
சலுகை, புதுவரவு, பண்டிகை வாழ்த்து.
என்ன சலுகை?
இரண்டு எடுத்தால் ஒன்று இலவசமா?
கார்த்திகையில் புயல் சின்னம் வந்த அன்று
அவளாக எழுதினாள்:
'டீசல் நிரப்பி வைத்திருக்கிறோம்.
முன்பணம் வேண்டாம்.
ரோட்டில் தண்ணீர் நின்றால் சுற்றி வருவோம், வருவோம்.'
இரண்டாவது வருவோமை நான் எடுக்கச் சொன்னேன்.
எடுக்கவில்லை.

ஒற்றை நட்சத்திரம் ஒன்று விழுந்தது.
'ராத்திரி முழுக்க மோட்டார் சத்தம்.
எங்கப்பா கொறட்டைகூட விடாத மனுஷன்.'
பதில் எழுது எழுது என்று போன் நச்சரித்தது.
கம்ப்ரஸரை மாற்றினோம்.
பக்கத்தில் படுத்துக் கேட்டுப் பார்த்தாள் ஒரு ராத்திரி.
ஒன்பதாம் நாள் எழுதினாள்:
'மாத்திட்டோம். மன்னிக்கணும்.'

மாதக் கடைசியில் ஒரு செய்தி.
வாழ்த்துகள்! உங்கள் படங்களை
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
கூடவே ஒரு கோட்டுப்படம்.
பகலெல்லாம் தரையோடு ஊர்ந்து
இரவு இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்
நட்டுக்குத்தாக ஏறியது கோடு.
போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றரை மணிக்கு அடித்தது.
ஒரு பெண். பேர் சொல்லவில்லை,
மஞ்சக்குப்பத்தில் தெரு சொன்னாள்.
நான் கேட்க வேண்டியதைத் தொடங்குமுன்
"வாசக்கால் அளந்துட்டேங்க" என்றாள்.
"படத்துல பாத்தேன்.
நம்மளுது முப்பத்தொண்ணு இருக்கு.
வாங்க."

திரும்பினால்,
தையல்நாயகி இருட்டில்
கொடியிலிருந்து நீல விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்,
ஈரம் இருக்கிறதா என்று
கன்னத்தில் வைத்துப் பார்த்தபடி.